தண்ணீருக்கு எத்தனை பேர்ச்சஸ்?

2023 செப்டெம்பர் 2, சனிக்கிழமை. ஆசியக் கிண்ணப் போட்டி, இந்தியாவும் பாகிஸ்தானும் பல்லேகலையில். இந்தியா 266 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை. மழை. கோடிக்கணக்கான பேர் அன்றைக்கு டீவியில் பார்த்தது மைதான ஊழியர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடியதைத்தான். பிறகு "மழைக்காலத்தில் கண்டியில் ஏன் மெட்ச் வைத்தீர்கள்" என்று இரண்டு நாடுகளும் சண்டை பிடித்தன. இரண்டு நாள் கழித்து நேபாளத்தோடு விளையாடினார்கள், அதற்கும் மழை.

தார்ப்பாயில் விழுந்த தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஓரத்தில் வடிகான் இருக்கு, அது தண்ணீரை மைதானத்துக்கு வெளியே கொண்டுபோகும். கெமரா அங்கேயே நின்றுவிட்டது. வெளியே போன தண்ணீர் எங்கே போகுது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. எங்களுக்கு இருந்தது, ஏனென்றால் மெட்ச் நின்ற அதே நேரம் எங்க வீட்டுப் பின்வாசலில் முதல் படி தண்ணிக்குள் போயிருந்தது. அந்தத் தண்ணி மைதானத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லா இடத்திலிருந்தும் வந்தது. மேலே இருக்கிற ஒவ்வொரு கூரையிலிருந்தும், ஒவ்வொரு கொங்கிரீட் முற்றத்திலிருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்து "இவளும் அங்கதானே இருக்கா" என்று கேட்க வேண்டாம். நாங்கள் இருப்பது நிரப்பின வயலில். அப்பா எட்டு பேர்ச்சஸ் வாங்கினார். தோட்டத்து லயத்தில் பிறந்து, கண்டி டவுனில் கடையில் நின்று, இருபத்தைந்து வருஷம் சேர்த்த காசு. விளம்பரப் பலகையில் இருந்தது எனக்கு இன்னும் பாடம்: தெளிவான உறுதி, இருபது அடிப் பாதை, தண்ணி, கரண்ட், வங்கிக் கடன் வசதி. உறுதியை நான் ஒழுங்காக வாசித்தது ஏ.எல். முடித்த பிறகுதான். அதில் காணியின் பழைய பெயர் "கும்புர" என்று முடிகிறது. கும்புர என்றால் வயல். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வசனம்: முன்னர் வயல், தற்போது மேட்டுநிலம். ஒரு தொப்பி டிப்பர் மண்ணைக் கொட்டினால் பள்ளம் மேடாகிவிடும், பேப்பரில். தண்ணி பேப்பர் வாசிக்கிறதில்லை. மழை பெலத்தால் எங்க வீட்டு மலசலகூடக் குழி கொப்பளிக்கும். உறிஞ்சுகுழி உறிஞ்ச வேண்டிய மண்ணுக்குள் ஏற்கெனவே தண்ணி நிற்கிறது, அது எதை உறிஞ்சும்?

பல்லேகல என்ற பெயரைப் பாருங்கள். சிங்களத்தில் அது "பல்லெ" "கெலே", கீழ்க்காடு. கண்டி நகருக்கு மேலே உடவத்தகெலே இருக்கிற மாதிரி கீழே இது. நாங்கள் தமிழில் எழுதியபோது "கெலே" "கல" ஆகிப்போச்சு, காடு கல்லாகிவிட்டது. யார் எழுதினார்களோ, தீர்க்கதரிசி. தும்பறைப் பள்ளத்தாக்கு முதலில் கோப்பி, பிறகு கொக்கோ, பிறகு எதெல்லாமோ. இப்போது கண்டி நகரம் தன் இடுப்புப் பட்டியில் அடங்காததையெல்லாம் இங்கே இறக்கி வைக்கிறது. மாகாண சபைக் கட்டடங்கள் இங்கே. கைத்தொழில் பேட்டை இங்கே. 2009இல் மைதானம். 2014 ஜனவரியில் போகம்பறைச் சிறைச்சாலையை மூடியபோது கைதிகளையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். உத்தியோகம் வந்தால் உத்தியோகத்தர் வருவார், உத்தியோகத்தருக்கு வீடு வேணும். மகாவலிக்கு அந்தப் பக்கம் கண்டியில் ஒரு பேர்ச்சஸ் விலையை நினைக்கவே முடியாது. ஆகவே குண்டசாலை, மெனிக்ஹின்ன, திகன என்று வீதியோரமெல்லாம் பலகை.

இந்த ஊர்களின் பெயர்களை வைத்தே ஒரு வெள்ள வரைபடம் கீறலாம். பேராதெனிய, தெல்தெனிய: "தெனிய" என்றால் மலைகளுக்கு இடையிலான ஈரப் பள்ளம். கிரிபத்கும்புர: "கும்புர" வயல். "வெல" என்று முடிந்தால் வயல்வெளி. "ஓவிட்ட" என்றால் ஓடையோரச் சதுப்பு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் கவிதைக்காக வைக்கவில்லை, தண்ணி நிற்கும் இடம் எது என்று குறித்து வைத்தார்கள். பழைய கண்டியக் கிராமத்தின் ஒழுங்கும் அதுதான். உச்சியில் காடு, சரிவில் வீட்டுத்தோட்டமும் வீடும், அடியில் வயல். வீடு வயலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் மேலே இருக்கும். வயலுக்குள் யாரும் வீடு கட்டவில்லை. பழைய தெல்தெனிய டவுனுக்கு என்ன நடந்தது என்று தெரியும்தானே, விக்டோரியா அணைக்காக அதை முழுசாகவே தண்ணிக்குள் விட்டோம். வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதன் சுவர்கள் தலையைக் காட்டும், ஆட்கள் போய் போட்டோ எடுப்பார்கள்.

ஈரநிலம் என்று சொன்னால் எங்கள் அதிகாரிகளுக்கு முத்துராஜவெல ஞாபகம் வரும். கொக்கு, முதலை, பலகையில் பார்வையாளர் கட்டணம். மலைநாட்டின் ஈரநிலம் கொக்கு நிற்கிற வயல்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் வயல், வரம்பு அரை அடி உயரம். மழைக்கு அது நிறைந்தால் கிட்டத்தட்ட ஆறு இலட்சம் லீட்டர் தண்ணியைப் பிடித்து வைக்கும். 6,000 லீட்டர் பௌசரில் நூறு பௌசர். ஒரு சதம் செலவில்லாமல், மின்சாரம் இல்லாமல், கொந்தராத்து இல்லாமல். பிறகு மெல்ல மெல்ல அடுத்த தட்டுக்கு விடும், அதற்கடுத்த தட்டுக்கு, கடைசியில் எலவுக்கு, எல மகாவலிக்கு. இப்போது அதே ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தி நிரப்புகிறோம். நூறு பௌசர் தண்ணிக்கு இடம் போச்சு. அதோடு முடியவில்லை. எங்க எட்டு பேர்ச்சஸில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் இருபதாயிரம் லீட்டர். ஆயிரம் லீட்டர் கறுப்புத் தாங்கி இருபது. கூரையும் கொங்கிரீட்டும் அதில் முக்கால்வாசியை உடனடியாகத் தெருவுக்குத் தள்ளும். நாங்கள் தண்ணியின் வீட்டை எடுத்ததுமில்லாமல் அதன் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கூட்டிவிட்டோம்.

இனி அந்த மண். ஏக்கருக்கு ஒரு மீட்டர் நிரப்ப மூன்று கியூப் டிப்பரில் ஏறக்குறைய 480 நடை. அமுக்கினால் இன்னும் கூட. 480 டிப்பர் மண் எங்கிருந்து வருது? இந்தக் கேள்வியை ஒரு டிப்பர் சாரதியிடம் டீக்கடையில் வைத்துக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "மேல காணி வெட்டுற ஆள் மண்ண எடுத்துட்டுப் போகச் சொல்லிக் காசு தருவார். கீழ நிரப்புற ஆள் கொட்டச் சொல்லிக் காசு தருவார். ஏத்தவும் காசு, கொட்டவும் காசு." அதுதான் முழு விஷயமும். மலையை வெட்டுவதும் வயலை நிரப்புவதும் இரண்டு தொழில் இல்லை. ஒரே தொழில், ஒரே டிப்பர், இரண்டு முனை. மேலே பெக்கோ போட்டுச் செங்குத்தாக வெட்டின சரிவு, அதற்கு அணைச்சுவர் "பிறகு கட்டலாம்". கீழே வடிய இடமில்லாத வயல். மேலே உள்ளவருக்கு மண்சரிவு, கீழே உள்ளவருக்கு வெள்ளம். எங்கள் அலுவலகங்களுக்கு மட்டும் இவை இரண்டு வேறு கோவைகள். சரிவைப் பார்ப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். வயலைப் பார்ப்பது கமநல அபிவிருத்தித் திணைக்களம். மண் ஏற்றிப்போக அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். கட்டட பிளானுக்குப் பிரதேச சபை. நாலு ஒபிஸும் நாலு கையெழுத்தும் சரியாக இருக்கலாம், வீடு தண்ணிக்குள் இருக்கலாம்.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு. கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. ஆனால் ஒரு வயல் எப்படிக் காணாமல் போகிறது என்று நான் எங்க வீட்டுச் ஜன்னலிலேயே பார்த்திருக்கிறேன். முதலில் இரண்டு போகம் விதைக்காமல் விடுவார்கள். புல் வளரும். பிறகு ஓரத்தில், வீதிக்கு எட்டின இடத்தில், கட்டட உடைசல் கொஞ்சம் விழும். யார் கொட்டினது என்று தெரியாது. பிறகு வாழை நாலு மரம். வாழை நின்றால் அது வயலா தோட்டமா என்று ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் போதும்.

வயல்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அரை ஏக்கர் வயலில் இன்றைக்கு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. கூலி, உழவு மெஷின், பசளை என்று செலவழித்து நெல்லை விற்றால் கை நட்டம். 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தி ஓர் அரசாங்கம் அவர்களை முழங்காலில் நிறுத்தியது, பலர் அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. அந்த மனிதரிடம் போய் "நீங்கள் நகரத்துக்காகத் தண்ணியைப் பிடித்து வையுங்கள், இலவசமாக" என்று சொல்ல யாருக்கு உரிமை? வடிகான் கட்ட கோடிக்கணக்கில் கடன் எடுக்கிற அரசு, ஏற்கெனவே வடிகானாக இருக்கிற வயலுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை கொடுக்க யோசிக்கக்கூட இல்லை. அதைக் கொடுக்கச் சொல்லித்தான் நாங்கள் கத்த வேண்டும். இன்னொன்று. இங்கே காணிப் பேச்சு எப்போது வேண்டுமானாலும் இனப் பேச்சாக மாறும். 2018 மார்ச்சில் திகன எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வயலை விற்றது எந்த ஊர்க்காரர், வாங்கினது எந்தச் சனம் என்று யாராவது கதையைத் திருப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேணும். நிரப்பி விற்கிறவருக்கு அந்தத் திருப்பம் ரொம்ப வசதி.

"அபிவிருத்திக்கும் சுற்றாடலுக்கும் இடையில் சமநிலை வேண்டும்." இந்த வசனத்தை நான் எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். மேடையில் பேனர், மேசையில் போத்தல் தண்ணி, சமநிலை. தராசு என்றால் இரண்டு தட்டு. ஒரு தட்டில் வீடு, மறுதட்டில் கொக்கு. இப்படி வைத்தாலே தீர்ப்புச் சொல்லியாயிற்று, வீடில்லாதவனிடம் போய் கொக்கைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? ஆனால் வயலை நிரப்பினால் கெடுவது முதலில் கொக்கு இல்லை, அந்த வீடுதான். மறுதட்டில் இருப்பதும் வீடு. எங்க வீடு, எங்களுக்குக் கீழே எலவோரத்தில் தகரம் அடித்து இருக்கிறவர்களின் வீடு.

அடுத்த வசனம் இன்னும் மோசம். "பாவப்பட்ட சனங்களுக்கு வீடு வேண்டாமா?" இதைச் சொல்கிறவரின் கையில் பெரும்பாலும் ஒரு பிளான் சுருள் இருக்கும். லயத்துச் சனத்தின் பெயரைச் சொல்லி வெட்டப்படும் காணிகளில் லயத்துச் சனம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எங்க ஒழுங்கையில் பதினாறு வீடு. தோட்டத்திலிருந்து வந்தது நாங்கள் மட்டும். எங்கள் பெயர் ஒரு குடை, அதற்குக் கீழே வேறு ஆட்கள் நனையாமல் போகிறார்கள்.

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை. காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதற்கு முன் 2005இலும் 2011இலும் அங்கே அபாயம் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். "போங்க" என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. காணி இல்லாதவன் எங்கே போவான்? பிறகு ஏழு பேர்ச்சஸ் என்று பேச்சு வந்தது, கொஞ்சப் பேருக்கு வீடும் வந்தது, நல்லது. ஆனால் மலையகத்தில் நிதானமான, சரிவு குறைந்த காணி எப்போதும் வேறு எதற்காவதுதான் கிடைத்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் ரஜவெல்லைக்குப் போய்ப் பாருங்கள், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி பழைய தோட்டக் காணியில் பதினெட்டுக் குழி கோல்ப் மைதானம். கோல்ப் பந்துக்குப் பாதுகாப்பான சரிவு கிடைத்திருக்கு.

இவ்வளவும் பழைய கதை. இப்போது அவசரமாக எழுதக் காரணம் 2025 நவம்பர். டித்வா. 28ஆம் திகதி கரை தட்டிய புயல் கிழக்கில், ஆனால் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்ததில் எந்த மாவட்டத்தையும் விடக் கண்டியில்தான் கூட. காற்றால் இல்லை, மண்ணால். கண்டிக்கு நாட்கணக்கில் குழாய்த் தண்ணி இல்லை, ஊர் முழுக்கத் தண்ணி, குடிக்கத் தண்ணி இல்லை. எங்க வீட்டில் அன்றைக்கு ஜன்னல் விளிம்பு வரை. மேலே இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். அங்கே இரவு முழுக்க யாரும் நித்திரை கொள்ளவில்லை, பின்னால் வெட்டின மலை. அப்பா ஒரு தரம் சொன்னார்: "கீழ இருந்தா தண்ணி, மேல இருந்தா மண்ணு. நடுவுல இருக்கிறவன் யாருன்னு பாரு புள்ள." நான் பார்த்தேன். நடுவில் இருப்பது பெரும்பாலும் பழைய பணம், பழைய தோட்டம், பழைய பங்களா.

புயலுக்குப் பிறகு அரசாங்கம் முழுதாக வீடிழந்தவர்களுக்கு 50 இலட்சம் வரை, காணியும் இல்லாதவர்களுக்குக் காணி வாங்க இன்னொரு 50 இலட்சம் வரை என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு, இவ்வளவு பெரிய தொகை முன்பு யாரும் சொன்னதில்லை. லயத்தில் இருந்தவர்கள் இதில் எப்படி அடங்குவார்கள் என்ற கேள்வி தனி, அதை வேறு ஒரு பதிவில் எழுத வேணும். நான் கேட்பது இது: அந்தக் காசோடு சந்தைக்கு வருகிற ஒரு குடும்பம் கண்டிப் பக்கத்தில் எந்தக் காணியை வாங்கும்? மலிவானதை. மலிவானது எது? சிவப்பு வலயச் சரிவு, இல்லையென்றால் புதிதாக நிரப்பின வயல். சரிவுக்கு அறிக்கை கேட்பார்கள், ஆகவே சரிவு கொஞ்சம் கஷ்டம். நிரப்பின வயலுக்கு மண்சரிவு அபாயம் இல்லை, தட்டையாக இருக்கே, அறிக்கை சுத்தமாக வரும். மண்சரிவில் தப்பின சனத்தை அரசின் காசிலேயே வெள்ளத்துக்குள் கொண்டுபோய் விடப்போகிறோம். அந்தச் சந்தைக்காக டிப்பர்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டன.

"கொழும்பைப் பாருங்கள், ஈரநிலத்தை எப்படி அழகாக வைத்திருக்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். பார்ப்போம். 2010 நவம்பரில் கோட்டேயில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அதற்குப் பிறகு 2012இல் உலக வங்கிக் கடனில் பெருநகரக் கொழும்புத் திட்டம். கால்வாய், பம்பு, பெத்தகானவிலும் தியசருவிலும் பூங்கா. கொழும்பின் சுமார் 20 சதுர கிலோமீட்டர் சதுப்பு இல்லாமல் போனால் வருஷத்துக்கு நகரப் பொருளாதாரத்தில் ஒரு வீதமளவு வெள்ளத்தில் போகும் என்று உலக வங்கி ஆட்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டமும் வந்தது, உலகத்தில் முதலாவது தடவையாக அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. வேலை நடந்தது உண்மை, அந்தக் கணக்குத்தான் வேலையை நடத்தியது. ஆனால் எம்பிமார் நனைந்த பிறகுதான் கணக்கு வந்தது. பல்லேகலையில் பாராளுமன்றம் இல்லை. நனைவதற்கு நாங்கள்தான் இருக்கிறோம். அத்தோடு, அதே கொழும்பில் அதே வருஷங்களில் கால்வாயோரத்திலும் சதுப்போரத்திலும் இருந்த சனத்தைத் தூக்கி அடுக்குமாடிகளில் அடைத்தார்கள். நடைபாதை வந்தது, காலையில் ஓடுவதற்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அந்த மாதிரி இங்கே வேண்டாம்.

கண்டியின் சொந்த வரலாறும் ஒன்றும் சுத்தமில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதான் நம்ம கண்ணுசாமி ராசா, திகோல் வெல என்ற வயலை மறித்து வாவி கட்டினார். ஊழியத்துக்குச் சனத்தைப் பிடித்துக் கட்டின வாவி, அதைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் வயலை எடுத்தவர் தண்ணிக்கே கொடுத்தார், ஒரு பேச்சுக்காவது. அந்த வாவி நிறைந்து வழிகிற தண்ணிதான் மெத எல, டவுனுக்கு நடுவால் போய் கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. இன்றைக்கு மெத எலவைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இருபுறமும் சுவர், மேலே சிலாப், சிலாப்புக்கு மேலே கடை. பெரிய மழை ஒன்று பெய்தால் ரெயில்வே ஸ்டேசன் பக்கம் தண்ணி. 2014இல் கண்டிக்கும் காலிக்குமாக இன்னொரு உலக வங்கிக் கடன் எடுத்து மெத எலவையும் அதில் சேர்த்தார்கள். முதலில் கெடு, பிறகு கடன் எடுத்துச் சீர்செய். பல்லேகல இன்னும் முதலாவது கட்டத்தில் இருக்கிறது, கடன் எடுக்கத் தேவையில்லாமல் நிறுத்த இன்னும் நேரம் இருக்கிறது.

பெயரில் எங்களுக்குச் சொந்தக்காரி மாதிரி ஒருத்தி சென்னையில் இருக்கிறாள், பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேயருக்கும் மேல் இருந்த சதுப்பு. குப்பைமேடு, வீதி, கணினிக் கம்பனிகள் என்று தின்று தீர்த்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2022இல் மிச்சத்துக்கு ராம்சார் பட்டம். 2025இல் அந்த எல்லைக்குள்ளேயே அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்ததாக வழக்கு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பலகை நட்டால் மட்டும் நிலம் தப்பாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேணும்.

என் தாத்தா தோட்டத்தில் கான் வெட்டு வேலை செய்தவர். தேயிலைக்கு நடுவில் மலையின் இடுப்பைச் சுற்றி, சரிவுக்குக் குறுக்காக, கொஞ்சமே கொஞ்சம் சாய்வாகக் கான் வெட்டுவார்கள். கானுக்குள்ளே இடைக்கிடை ஒரு குழியும் ஒரு தடுப்பும் விடுவார்கள். தண்ணி ஓடாமல் நடக்கும், மண் குழியில் தங்கும், பிறகு அந்த மண்ணை அள்ளித் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். எந்தக் கருவியும் இல்லை, கண்ணாலேயே மட்டம் பார்ப்பார். இன்றைக்கு எங்க ஒழுங்கையில் போட்டிருக்கிற கொங்கிரீட் கானைத் தாத்தா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நேர் கீழாக, வழுவழுவென்று, தண்ணியை எவ்வளவு வேகமாகப் பக்கத்து வீட்டுக்காரனிடம் தள்ளலாமோ அவ்வளவு வேகமாக. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்த அணைக்கட்டு பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கொள்ளளவில் பாதிக்குக் கிட்ட மண்ணால் நிறைந்தது. அந்த மண் எல்லாம் யாரோ குழி விடாத கானால் வந்த மண். மலைநாட்டின் தண்ணியை நடக்கப் பழக்கியவர்களின் பிள்ளைகளுக்கு மலைநாட்டில் ஒரு துண்டுக் காணி இல்லை. இதற்குச் சமநிலை என்று பெயர் வைக்காதீர்கள்.

என்ன செய்யச் சொல்றே என்று கேட்பீர்கள். முதலாவது, வயல் எது என்ற பதிவேடு கமநல நிலையத்து அலுமாரிக்குள் இருக்கக்கூடாது. கிராம சேவகர் பிரிவு வாரியாக வரைபடமாகச் சுவரில் ஒட்ட வேணும், தமிழிலும். காணி வாங்கப் போகிற ஆள் பலகையைப் பார்க்கும் முன் அதைப் பார்க்க வேணும். மண் ஏற்றும் அனுமதிப் பத்திரத்தில் எங்கே கொட்டுவது என்பதும் எழுதப்பட்டு, அந்த இடம் பதிவேட்டு வயலா என்று பார்த்த பிறகே டிப்பர் அசைய வேணும். இந்த ஒரு முடிச்சைப் போட்டாலே பாதித் தொழில் நின்றுவிடும் என்று அந்தச் சாரதியே சொன்னார். மழைநீர் சேகரிப்பைச் சில கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் 2007இலேயே வந்தது, அதை எங்க மாதிரி சின்னக் காணிகளுக்குத் தாங்கிக்கு அரைவாசிக் காசு கொடுத்துச் செய்யலாம். டித்வா காசைப் பணமாகக் கொடுத்துச் சந்தைக்குத் துரத்தாமல், சரிவு குறைந்த தோட்டக் காணியை அரசு எடுத்து, உறுதியோடு கொடுக்க வேணும். ஏழு பேர்ச்சஸ் என்று எண்ணாமல், கானுக்கும் குழிக்கும் மரத்துக்கும் சேர்த்து. கோல்ப் மைதானத்துக்குக் காணி தேடிக் கண்டுபிடித்த நாட்டுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

அப்பா இதை வாசித்துவிட்டுக் கேட்டார், "அப்ப நம்ம வீட்ட இடிக்கச் சொல்றியா புள்ள?" இல்லை. ஏமாற்றி விற்கப்பட்டவரைத் தண்டிக்கிற சட்டம் எனக்கு வேண்டாம். ஆனால் எங்க வீடு இருக்கிறதே என்பதைக் காட்டி எதிர் வயலையும் நிரப்ப விடமாட்டேன். எங்களுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வடிகால் அந்த எதிர் வயல். அது நிரம்பினால் அடுத்த தண்ணி ஜன்னல் விளிம்போடு நிற்காது.

போன கிழமை அந்த வயலின் நாலு மூலையிலும் சிவப்புப் பெயின்ற் அடித்த குச்சி நட்டிருக்கிறார்கள். வீதியோரத்தில் வாழைக்கன்றும் வந்தாயிற்று, மூன்று. கமநல நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கடிதம் எழுதியிருக்கிறோம். பதினாறு வீட்டில் பதினொரு கையெழுத்து. எலவோரத்து வீடுகளில் இன்னும் வாங்கவில்லை, ஞாயிறு காலை போகிறோம். வயல்காரர் வீட்டுக்கும் போவோம், அவரிடம் கையெழுத்துக் கேட்க இல்லை, என்ன விலை சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்க. வரக்கூடியவர்கள் ஒன்பது மணிக்குச் சந்தியில் நில்லுங்கள், சேற்றுக்கு ஏற்ற செருப்போடு.